முந்திக்கொண்ட கை

"தலைக்குள்ள இருக்கிறதைத் திருட முடியுமா அண்ணி?" என்று கேட்டான் கொழுந்தன்.

"உன் தலைன்னா முடியாது. எடுக்கிறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணும்" என்றாள் அண்ணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கார் அண்ணியுடையது. துப்பறியும் நிறுவனமும் அண்ணியுடையது. கொழுந்தனுக்கென்று சொந்தமாக இருந்தது வாய் ஒன்றுதான். எந்த வேலையிலும் ஒட்டாமல் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவனை, சும்மா சோபாவைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாமென்று அண்ணி தன்னோடு சேர்த்துக்கொண்டாள். அவன் உடனே 'உதவித் துப்பறிவாளர்' என்று கார்டு அடித்துக்கொண்டான். அண்ணி அதை வாங்கிப் பார்த்து, "எல்லாம் சரி தம்பி, உதவிங்கிற வார்த்தைதான் இடிக்குது" என்றாள்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் இன்றைய கட்சிக்காரி. விமானக் கம்பெனியில் துணை விமானி. கம்பெனி நேற்று சாயங்காலம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. இவனுக்கும் புரியிற மாதிரி" என்றாள் அண்ணி.

"நான் இதுவரைக்கும் ஓட்டினது பழைய விமானம். முன்னாடி பூரா கடிகாரம் மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். இப்ப புது விமானம் வாங்கியிருக்காங்க. அதுல முள்ளே கிடையாது, எல்லாம் திரை. அதை நிஜமா ஓட்ட விடறதுக்கு முன்னாடி சிமுலேட்டர்ல, அதாவது தரையிலேயே நிக்கிற பொய் விமானத்துல, பரீட்சை வைப்பாங்க. பரிசோதகர் பின்னாடி உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டுவார். விமானத்துல ஏதாவது ஒண்ணு கெட்டுப்போகும். நாங்க சமாளிக்கணும். எது கெடும், எப்ப கெடும்னு எங்களுக்குத் தெரியாது. அதுதான் பரீட்சையே."

"சரி, நேத்து?"

"நேத்து என் திரை அப்படியே அணைஞ்சுபோச்சு. அதுல வரவேண்டியதைப் பக்கத்துத் திரைக்கு மாத்தறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. ஆனா..." அவள் நிறுத்தினாள். "திரை அணையறதுக்கு முன்னாடியே என் கை அந்த சுவிட்ச்சுக்குப் போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

"தெரியல மேடம். தானா போச்சு."

"கைக்கே கால் முளைச்சிருக்கு" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனைப் பார்க்காமலே முறைத்தாள். அந்தக் கலை அவளுக்கு மட்டும்தான் வரும்.

பரிசோதகர் அந்த நிமிடமே பரீட்சையை நிறுத்தி, சிமுலேட்டர் விளக்கைப் போட்டு, "திருடி" என்று சொல்லியிருக்கிறார். போன சில பேட்ச்களாகவே எல்லோரும் இந்தக் கோளாறைச் சொந்தக்காரரை வரவேற்பது மாதிரிச் சமாளிக்கிறார்களாம். யாரோ கேள்வியைத் திருடி ஊருக்கெல்லாம் விநியோகம் செய்கிறார்கள் என்று அவருக்கு வெகுநாள் சந்தேகமாம். இப்போது கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம். மத்தியானம் பயிற்சி மையத்தின் டைரக்டர் விசாரிக்கிறார். அவர் நம்பிவிட்டால் இவளுடைய லைசென்ஸ் போய்விடும்.

"பறக்கிறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது மேடம்" என்றாள் அவள். கொழுந்தனுக்குப் பாவமாக இருந்தது. அவனுக்கும் வேறு எதுவும் தெரியாதுதான், ஆனால் அவன் விஷயத்தில் 'தவிர' என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

பரிசோதகரின் அறைச் சுவரில் இடமே இல்லை. எல்லாம் பழைய விமானங்களின் படங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர். விமானத்தைவிட அவர் தெளிவாகத் தெரியும்படி எடுத்திருந்தார்கள். ஒரு மூலையில் வெள்ளைப் பலகை, அதில் நீல மையால் அம்பும் வட்டமும்.

அண்ணி கொடுத்த கார்டை அவர் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. மேலும் தள்ளிப் பார்க்கக் கையில் நீளம் மிச்சமில்லை. வேண்டாவெறுப்பாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து, கண்ணாடியை மாட்டி, படித்து, உடனே கழற்றிப் பெட்டியில் வைத்து 'டப்'பென்று மூடினார்.

"துப்பறியும் பெண்மணி! நாடு முன்னேறிடுச்சு" என்றார். "இங்க துப்பறிய ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு திருடிட்டா."

"எங்கேயிருந்து சார்? கேள்வியை எங்க எழுதி வச்சிருந்தீங்க?"

"எழுதறதா? நானா?" அவர் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இங்க. பேப்பர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பரீட்சை அன்னைக்கு நான் பட்டனைத் தட்டுற வரைக்கும் கடவுளுக்கே தெரியாது."

"அப்ப அந்தப் பொண்ணு உங்க தலைக்குள்ள பூந்துதான் எடுத்திருக்கணும்" என்றான் கொழுந்தன். "உள்ள நல்லா இடம் இருந்திருக்கும்."

"யார் இவர்?"

"உதவி" என்றாள் அண்ணி. "அந்தக் கோளாறு அடிக்கடி வருமா சார்?"

"அடிக்கடியா! நிஜத்துல ஒரு பைலட் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வராது. அதனாலதான் கேட்கிறேன்." அவர் எழுந்துபோய்ப் பலகையில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் இன்னொன்று போட்டு, அது கோணலாகப் போனதும் ஆள்காட்டி விரலாலேயே தேய்த்து அழித்து மறுபடி போட்டார். டஸ்டர் பக்கத்திலேயே இருந்தது. "திரை போயிடும். இந்த சுவிட்ச். முடிஞ்சது. ஆனா தேடிக் கண்டுபிடிக்கத் தடுமாறுவாங்க. தடுமாறணும்! இவ தடுமாறல. நான் தட்டறதுக்கு முன்னாடியே கை போகுது!"

"பூட்டின வீடு. ஜன்னல் இல்ல. சாவி உங்ககிட்ட மட்டும்" என்றாள் அண்ணி. "ஆனா பொருள் ஊர்ல எல்லார் கையிலயும் இருக்கு."

"அதான் திருட்டு!"

"எங்க வீட்ல இதுக்குப் பேரு வேற சார்" என்று எழுந்தாள் அண்ணி. "இவங்க எல்லாம் எங்க உட்கார்ந்து படிப்பாங்க?"

வெளியே காத்திருந்த துணை விமானி அவர்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு நாற்காலிகள் ஒட்டிப் போட்டிருந்தன. அவற்றுக்கு எதிரே, பலகையில் ஒட்டிய ஒரு பெரிய காகிதம். புது விமானத்தின் முன்பக்கம் முழுக்க, திரை, பட்டன், கைப்பிடி எல்லாம் அசல் அளவில் அச்சடித்திருந்தார்கள்.

"இவ்வளவு பெரிய விமானம் வாங்கிட்டு, படிக்கிறதுக்குக் காகிதமா?" என்றான் கொழுந்தன். "எங்க பள்ளிக்கூடத்துலகூட நாடகத்துக்குப் பலகையில செஞ்ச குதிரை இருந்துச்சு."

"சிமுலேட்டர்ல நேரம் கிடைக்கிறது கஷ்டம் சார். அதுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க உட்கார்ந்து கையைப் பழக்குவோம். வாயால ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். மேல பறக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. கை தானா போகணும்."

"தானா போன கைக்குத்தான் இப்ப வழக்கு" என்றான்.

அண்ணி காகிதத்தின் அருகே போய், மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் படும்படி பார்த்தாள். கடையில் புடவையைப் பார்க்கும்போதும் இப்படித்தான் பார்ப்பாள். கடைக்காரர்கள் அப்போதே விலையைக் குறைக்கத் தயாராகிவிடுவார்கள்.

"இந்தக் கைப்பிடி என்னம்மா?"

"சக்கரத்தை இறக்கறது."

"ஒவ்வொரு தடவையும் இறக்கணுமா?"

"இறக்கலைன்னா வயித்தால தரையைத் தேய்க்கணும் மேடம்."

"ஆனா பாரு, கைப்பிடிப் படம் லேசாத்தான் அழுக்காகியிருக்கு. இது?" அண்ணி விரலை நகர்த்தினாள். ஒரு சின்ன சுவிட்ச். படம் பாதி அழிந்து, காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பி, சுற்றிலும் கறை படிந்திருந்தது. கறையில் நீலச் சாயல்.

துணை விமானி கிட்ட வந்து பார்த்தாள். "அதுதான் மேடம். திரையை மாத்தற சுவிட்ச்."

"ஆயுசுக்கும் தேவைப்படாத சுவிட்ச். அதைப் போட்டு ஏன் இந்தத் தேய்ப்புத் தேய்ச்சிருக்கீங்க?"

"நாங்க வந்தப்பவே அது தேய்ஞ்சுதான் இருந்துச்சு. முன்னாடி பேட்ச்காரங்க நிறையப் பழகியிருக்காங்க, அப்ப முக்கியமானதா இருக்கும்போலன்னு நாங்களும் புத்தகத்துல தேடிப் படிச்சுப் பழகினோம்."

"முன்னாடி பேட்ச்காரங்க?"

"அவங்களும் வந்தப்ப..." அவள் பாதியிலேயே நின்றாள்.

"கூட்டம் நிக்கிற கடையில நாமளும் போய் நின்னுட்டு, அப்புறம் இங்க என்ன விக்கிறாங்கன்னு கேட்கிற மாதிரி" என்றான் கொழுந்தன். சொன்ன பிறகுதான் தான் உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டோமென்று அவனுக்கே தோன்றியது. அண்ணியும் ஒரு நொடி அவனை மரியாதையாகப் பார்த்தாள். பழக்கமில்லாததால் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"சரி, எதுன்னு தெரிஞ்சுபோச்சு. எப்பன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் அண்ணி. "கை போறதுக்கு முன்னாடி ஏதாவது பார்த்தியா? கேட்டியா?"

"ஒண்ணும் இல்ல மேடம். நேத்துப் பரீட்சை ரொம்ப நேரம் நடந்துது. சின்னச் சின்னதா ஏதேதோ செஞ்சு காட்டச் சொன்னார். இந்தத் திரைக் கோளாறையே ரெண்டு மூணு தடவை கொடுத்தார். கடைசித் தடவைதான் என் கை முந்திக்கிச்சு."

அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீட்டிலானால் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம்.

"தம்பி, உட்காரு. அந்த சுவிட்ச்சைத் தொட்டுப் பழகு."

"நானா? எனக்கு எஸ்கலேட்டர்ல ஏறினாலே தலை சுத்தும் அண்ணி."

"அதனாலதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

டைரக்டர் குறைவாகப் பேசுகிறவர். மத்தியான விசாரணையைச் சிமுலேட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணி கேட்டபோது தலையை மட்டும் அசைத்தார். பரிசோதகர்தான் குதித்தார்.

"இவருக்குப் பரீட்சையா? இவருக்கு மேல எது கீழ எதுன்னு தெரியுமா?"

"சாப்பாட்டு நேரத்துல தெரியும் சார்" என்றான் கொழுந்தன்.

"இவன் சைக்கிளையே நேரா ஓட்டினதில்ல" என்றாள் அண்ணி. "நேத்து அந்தப் பொண்ணுக்குக் கொடுத்ததையே கொடுங்க. எப்ப வேணும்னாலும் கொடுங்க, சொல்லாதீங்க. இவன் கையும் முந்திக்கிச்சுன்னா?"

"நான் மீசையை எடுத்துடறேன்."

சிமுலேட்டருக்குள்ளே இருட்டு. முன் சீட்டில் கொழுந்தன், பின்னால் பரிசோதகர், சுவரோரமாக மற்றவர்கள். முன்னால் பொய் வானம், பொய் மேகம். ஆனால் ஆட்டம் மட்டும் நிஜம். கொழுந்தனின் காலைச் சாப்பாடு உள்ளே இருக்கலாமா வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. விமானம் தானாகப் பறந்தது. அவனுக்கு இருந்த ஒரே வேலை, திரை போனால் சுவிட்ச்சைத் தொடுவது.

முதல் தடவை திரை அணைந்தது. அவன் அலறிவிட்டு, தேடி, சுவிட்ச்சைத் தொட்டான். பரிசோதகர் பின்னாலிருந்து ஏளனமாகச் செருமினார். திரை மறுபடி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் போனது. இந்தத் தடவை அலறாமல் தொட்டான். அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மேகம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்த வேலைக்கே வந்திருக்கலாமோ என்று கொழுந்தன் யோசிக்கத் தொடங்கினான்.

சட்டென்று அவன் கை சுவிட்ச்சின்மேல் இருந்தது. திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அணைந்தது.

"ஐயையோ!" என்றான் கொழுந்தன். "நானும் திருடனா அண்ணி?"

விளக்கைப் போட்டார்கள். பரிசோதகரின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போயிருந்தது.

"எது கேட்டுச்சு தம்பி?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணும் கேட்கல... இல்ல, இருங்க. பின்னாடி 'டப்'புனு ஒரு சத்தம்."

"சாருடைய கண்ணாடிப் பெட்டி" என்றாள் அண்ணி, டைரக்டரைப் பார்த்து. "பைலட்களைப் பார்க்க இவருக்குக் கண்ணாடி வேண்டாம். ஆனா பின்னாடி இருக்கிற பேனல்ல கோளாறுங்க பேரு எறும்பு மாதிரி இருக்கு. அதனால கோளாறு கொடுக்கிறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறப்பார், மாட்டுவார், 'டப்'. அப்புறம் பட்டன். ரெண்டு தடவை கேட்டா மூணாவது தடவை காது கைக்குச் சொல்லிடும். அந்தக் காதுக்குச் சொந்தக்காரிக்குக்கூடத் தெரியாது."

"சரி, அது எப்பங்கிறது" என்றார் பரிசோதகர். குரலில் பாதிக் காற்று போயிருந்தது. "எதுன்னு எப்படித் தெரியும்? அது என் தலைக்குள்ள இருந்துச்சே!"

"உங்க வலது கை ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

அவர் காட்டவில்லை. டைரக்டர் பார்த்த பிறகு காட்டினார். நுனி நீலமாக இருந்தது.

"போர்டைத் துடைக்கிற விரல். காகிதத்துல அந்த சுவிட்ச்மேல இருக்கிற நீலமும் இதுதான். பசங்க வர்றதுக்கு முன்னாடி, யாரும் பார்க்காத நேரத்துல, நீங்க அங்க உட்கார்ந்து பழகியிருக்கீங்க. அவங்க கறையைப் பார்த்தாங்க, முக்கியம்னு நினைச்சாங்க, பழகினாங்க. உங்க தலையை யாரும் உடைக்கல சார். விரல் வழியா நீங்களே ஒழுகவிட்டுட்டீங்க."

"சொல்லிக்கொடுக்கிறவன் பழகக் கூடாதா? அது தப்பா?"

"தாராளமா பழகலாம். தினமும் பழகலாம்." அண்ணியின் குரல் இப்போது தணிந்திருந்தது. கொழுந்தனுக்கு அவள் கத்தும்போதைவிட இப்படிப் பேசும்போதுதான் அதிகம் பயம். "ஆனா அவ்வளவு பெரிய காகிதத்துல நீலம் அந்த ஒரே இடத்துலதான் இருக்கு. மத்த சுவிட்ச் எதையும் நீங்க ஏன் தொடவே இல்ல?"

பரிசோதகர் விரலை மடக்கிக்கொண்டார். டைரக்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கேப்டன் சீட்ல உட்காருங்க."

"சார், நான்..."

"உட்காருங்க." பிறகு துணை விமானியிடம் திரும்பினார். "நீ பின்னாடி போ. உனக்குத் தோணுற ஒரு கோளாறைக் கொடு."

கொழுந்தன் அவசரமாக எழுந்து வழிவிட்டு, சுவரோரமாக ஒட்டிக்கொண்டான். விளக்கு அணைந்தது. துணை விமானிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, எந்தச் சத்தமும் வரவில்லை. வானம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேப்டன் திரையில் வேகம் காட்டும் எண் மெதுவாக ஏறத் தொடங்கியது. துணை விமானி சீட்டுக்கு எதிரே இருந்த திரையில் அது அப்படியே நின்றிருந்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எச்சரிக்கை மணி அடித்தது.

பரிசோதகரின் கை பறந்தது. நேராக அந்த ஒரே சுவிட்ச்சுக்கு.

திரை மாறியது. அதே பொய் எண் இப்போது கேப்டனின் பக்கத்துத் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதை நம்பி வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். சுவிட்ச்சை மறுபடி தட்டினார், மறுபடியும் தட்டினார். விமானத்துக்கு வேகம் போதவில்லை. மூக்கு கவிழ்ந்தது. பொய் மேகத்துக்குக் கீழே பொய்த் தரை தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. பொய்தான் என்று கொழுந்தனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணி உதறவில்லை.

துணை விமானி பேசாமல் இருந்திருந்தால் போதும். இவர் அவளைத் திருடி என்றவர். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் தரையில் மோதியிருப்பார்.

"சார், அந்த சுவிட்ச்சை விடுங்க" என்றாள் அவள். "திரை நல்லாத்தான் இருக்கு. எண்ணை அனுப்புற கணினிதான் தப்பு. கையை எடுத்துட்டு மேல் வரிசைக்குப் போங்க. வலது கடைசி. அதைத் திருப்புங்க. இப்ப வேகத்தைக் கூட்டுங்க சார், பயப்படாதீங்க, கூட்டுங்க. மூக்கை மெதுவா தூக்குங்க."

அவர் அவள் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தார். எண் சரியானது. மூக்கு நிமிர்ந்தது. தரை கீழே விலகிப்போனது.

விளக்கு வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முள்ளு வச்ச விமானம்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "இதைக் கத்துக்க அனுப்பினாங்க. நான் பரீட்சை வச்ச பசங்களோடயே பெஞ்சுல உட்காரணும். கை தூக்கிச் சந்தேகம் கேட்க வெட்கமா இருந்துச்சு. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன். இந்த ஒண்ணுதான் புரிஞ்சுது. அதனால அதையே..."

"எல்லாருக்கும் கொடுத்தீங்க" என்று முடித்தாள் அண்ணி.

"உன்மேல இருந்த புகார் இனி இல்லை" என்றார் டைரக்டர் துணை விமானியிடம். "உன் பரீட்சைக்கு வேற ஆள் வருவாங்க. லைசென்ஸ் உன்கிட்டயே இருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தன் அவளைவிட அதிகமாகத் துடைத்துக்கொண்டு, ஏசிக் காற்று கண்ணில் பட்டுவிட்டதாக அண்ணிக்கு விளக்கினான்.

பரிசோதகர் சீட்டைவிட்டு எழுந்தார். கதவருகே போய் நின்று, திரும்பாமலேயே கேட்டார்.

"என்மேல புகார் கொடுப்பியாம்மா?"

இல்லை சார், போகட்டும் சார் என்று அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் கொழுந்தன் நினைத்தான். நல்ல பெண், அழுத முகம், அப்படித்தான் சொல்வாள்.

"கொடுப்பேன் சார்" என்றாள் அவள். "என்னைத் திருடின்னு சொன்னதுக்கு இல்ல. அதுக்கு ராத்திரியே அம்மா மடியில அழுது தீர்த்துட்டேன். ஆனா நீங்க பாஸ் போட்டு அனுப்பின பைலட்டுங்க இப்ப மேல பறந்துட்டிருக்காங்க. அவங்களுக்கும் இந்த ஒரே சுவிட்ச்தான் தெரியும். எங்கம்மா ஊருக்குப் போக நாளைக்கு அவங்க ஓட்டுற விமானத்துலதான் ஏறப்போறாங்க."

டைரக்டர் போனை எடுத்தார்.